எண்ணெய் ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடலாமா?

3 ஜூன் 2023, காலை. கேள்வி

கோயம்புத்தூரிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வந்து ஆறு வாரம் ஆகிறது. மிட்ராண்டில் வாடகை வீடு. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து ஒரே ஒரு ஸ்வெட்டருடன் வந்துவிட்டேன். ராத்திரி 3 டிகிரி என்கிறது போன். வீட்டுக்குள்ளேயே வாயில் புகை வருகிறது. 2000 வாட் எண்ணெய் ஹீட்டர் ஒன்று வாங்கியாயிற்று. கட்டில் பக்கம் பிளக் பாயிண்ட் இல்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி விடிய விடிய ஓட விடலாமா? எண்ணெயை எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்? கைக்குழந்தை இருக்கிறது.

3 ஜூன், இரவு 9.40. பதில்

எண்ணெயை மாற்றவே வேண்டாம். அது எரித்துத் தீர்கிற எண்ணெய் இல்லை. உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் எண்ணெயைச் சூடாக்கும், எண்ணெய் தகட்டைச் சூடாக்கும், தகடு அறையைச் சூடாக்கும். மூடி முத்திரை போட்ட டப்பா. அடியில் எண்ணெய் கசிவு தெரிந்தால் அன்றோடு அதற்கு ஆயுள் முடிந்தது, தூக்கிப் போடுங்கள். பற்றவைத்து ஒட்டித் தருகிறேன் என்று யாராவது வந்தால் அவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ராத்திரி முழுக்க ஓட விடலாம். எண்ணெய் ஹீட்டரில் சிவக்கிற கம்பி வெளியே தெரியாது, சூடு அளவானதும் தானாக அணைக்கிற தெர்மோஸ்டாட் வேறு இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் பற்றிக் கவலை வேண்டாம். ஜோகன்னஸ்பர்க்கின் தெற்கே லெனேசியாவில் ஆறு குளிர்காலமாக நான் அப்படித்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. ஏதாவது ஆனாலும் டிபி போர்டில் (வீட்டுக் கரண்டைப் பிரித்துவிடுகிற சுவிட்ச் பெட்டி) டிரிப் ஆகிவிடும். காற்று ரொம்ப உலர்ந்தால் ஈரத் துண்டு ஒன்றைத் தகட்டின் மேல் போடுங்கள், மூக்குக்கு நல்லது.

4 ஜூன்

மறந்துவிட்டேன். முதல் தடவை போடும்போது ஒரு வாசம் வரும், பெயிண்டும் பாலிஷும் சூடேறுகிற வாசம். ஜன்னலைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், போய்விடும். டிக் டிக் என்று தகடு சத்தம் போடுவதும் சகஜம், இரும்பு விரிகிறது. பயப்படாதீர்கள்.

10 ஜூன், காலை 7.15

மேலே 3ஆம் தேதி எழுதியதில் பாதியை அழித்துவிடுங்கள். அழிக்க வேண்டாம், இருக்கட்டும். என் அறிவு எவ்வளவு என்று நாலு பேருக்குத் தெரியட்டும்.

நேற்று வெள்ளிக்கிழமை. நாங்கள் குடியிருப்பது ஒரு ஆயா வீட்டின் பின்கட்டில். டர்பன் பக்கத்து டோங்காட்டில் பிறந்தவர், கல்யாணமாகி இங்கே வந்தவர். வெள்ளிக்கிழமை வீட்டில் கவுச்சி ஆகாது. ராத்திரி பத்தரை மணிக்குக் கதவைத் தட்டுகிறார்.

"தம்பி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா யாரு மீன் பொரிக்கிறது?"

எங்கள் வீட்டில் யாரும் மீன் பொரிக்கவில்லை. ஆனால் வாசம் அடிக்கிறது, எனக்கே இப்போதுதான் உறைக்கிறது. கருகின மீன் மாதிரி, கொஞ்சம் சிறுநீர் நெடியும் கலந்த மாதிரி. அடுப்படியில் இல்லை. குப்பைக் கூடையில் இல்லை. மகள்தான் கண்டுபிடித்தாள்: "அப்பா, கட்டிலுக்கு அடியிலிருந்து வருது."

கட்டிலுக்கு அடியில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதில் ஹீட்டர் பிளக். வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகி, ஒரு பின்னைச் சுற்றி மெழுகு மாதிரி வழிந்திருந்தது. சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டு இழுத்தால் வரவில்லை, ஒட்டிக்கொண்டுவிட்டது. அதற்கு இரண்டு அங்குலம் மேலே மெத்தை விரிப்பின் நுனி தொங்கிக்கொண்டிருந்தது.

டிபி போர்டில் ஒன்றும் விழவில்லை. ஒரு சுவிட்சும் அசையவில்லை. ஹீட்டரும் கடைசி நிமிடம் வரை சமர்த்தாகச் சூடு கொடுத்துக்கொண்டிருந்தது.

10 ஜூன், மாலை

எலக்ட்ரீஷியன் வந்து போனார். அறுபது வயசு, ஆயாவுக்குத் தூரத்துச் சொந்தம், வீட்டில் எல்லாருக்கும் அங்கிள். பாக்ஸைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். பாக்ஸுக்குள் பிளக் பின்னைக் கவ்விப் பிடிக்கிற பித்தளை நாக்கு பல தடவை மாட்டிக் கழற்றித் தளர்ந்துவிட்டால் பிடி லூஸாகும். அந்த இடத்தில் வெறும் அரை ஓம் தடை இருந்தால் போதும், மின்னோட்டத்தை இரண்டு தடவை, தடையை ஒரு தடவை பெருக்கிப் பாருங்கள்: 8.7 × 8.7 × 0.5. சுமார் 38 வாட். ஈயம் உருக்குகிற ஒரு சாலிடரிங் அயர்ன் அவ்வளவுதான் இழுக்கும். அதாவது நான் ஒரு சாலிடரிங் அயர்னைப் பற்றவைத்து, பிளாஸ்டிக் டப்பாவில் மூடி, மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறேன். ஆறு வருஷமாக.

செல்போன் சார்ஜர் அதே லூஸ் பாயிண்டில் பத்து வருஷம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது, மின்னோட்டம் அவ்வளவு குறைவு. ஹீட்டர்தான் மணிக்கணக்காக முழு மின்னோட்டத்தையும் இழுக்கிற சாமான். கெட்டிலும் அதே அளவு இழுக்கும், ஆனால் மூன்று நிமிடத்தில் அணைந்துவிடும்.

டிபி போர்டு காப்பாற்றும் என்று எழுதியிருந்தேன். தப்பு. அங்கே இருக்கிற பிரேக்கர் அளவுக்கு மீறி மின்னோட்டம் போனால் விழும். எர்த் லீக்கேஜ் சுவிட்ச், மின்சாரம் பூமிக்குக் கசிந்தால் விழும், இங்கே அது வழக்கமாக 30 மில்லிஆம்பியர் வகை. லூஸ் கான்டாக்ட் இரண்டுமே இல்லை. மின்னோட்டம் அதே 8.7தான், கசிவும் இல்லை. இரண்டு காவல்காரனும் முழித்துக்கொண்டுதான் நிற்கிறான், திருடன் அவன் கண்ணுக்குத் தெரியவே மாட்டான். அதைப் பிடிக்க இருக்கிற கருவிகள் மூக்கும் விரலும்தான்.

மீன் வாசம் வந்தால் மீனைத் தேடாதீர்கள். பிளக், சாக்கெட் செய்கிற சில வகைப் பிளாஸ்டிக் கருகும்போது இந்த வாசம்தான் வருமாம்.

11 ஜூன்

கேட்டவருக்கு நேரடிப் பதில், கைக்குழந்தை இருப்பதால். எக்ஸ்டென்ஷன் வேண்டாம். ஹீட்டரை நேராகச் சுவர் பாயிண்டில் மாட்டி, கட்டிலை நகர்த்துங்கள். கட்டில் நகராது என்றால் ஹீட்டர் சுவர் பாயிண்ட் இருக்கிற பக்கத்திலேயே இருக்கட்டும், அறை மூடியிருந்தால் சூடு தானாகப் பரவும். தொட்டில், திரைச்சீலை, மெத்தை, துணி எல்லாம் ஒரு மீட்டர் தள்ளி. பிளக் பாயிண்டுக்கு நேர் கீழே ஹீட்டரை வைக்காதீர்கள், மேலே ஏறுகிற சூட்டில் சாக்கெட் வேகும்.

ஈரத் துண்டு யோசனையையும் வாபஸ் வாங்குகிறேன். துண்டு போட்டால் சூடு வெளியே போகாமல் உள்ளேயே தேங்கும், தண்ணீர் சொட்டி சுவிட்ச் பக்கம் இறங்கும். என் மனைவி இதைப் படித்துவிட்டு, "அப்போ நான் மூணு வருஷமா யூனிஃபார்ம் காயப்போட்டது?" என்றாள். அதையும் வாபஸ் வாங்கியாயிற்று. இப்போது யூனிஃபார்ம் வெயிலில் காய்கிறது. இந்த ஊர்க் குளிர்காலத்தில் மழையே இல்லை, பகல் முழுக்க கண் கூசுகிற வெயில். இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை?

13 ஜூன்

பிளக் பற்றி ஒரு சின்ன விஷயம், ஊரிலிருந்து புதிதாக வருபவர்களுக்கு. நம் ஊரில் ஏசிக்கும் கீசருக்கும் போடுகிற குண்டு மூன்று பின் பிளக் இருக்கிறதல்லவா, இங்கே டேபிள் லாம்புக்குக்கூட அதுதான். ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸியின் சின்ன மூன்று பின் இதில் நிற்காது, அடாப்டர் வேண்டும். ஐரோப்பிய வகை இரண்டு பின் பிளக்குடன் வரும் சாமான்களும் உண்டு. ஆக எல்லார் வீட்டிலும் அடாப்டர் மேல் அடாப்டர், கோபுரம் மாதிரி. மிக்ஸி இரண்டு நிமிடம் ஓடும், போகட்டும். ஹீட்டருக்கு மட்டும் அந்தக் கோபுரம் கூடவே கூடாது. ஒவ்வொரு அடுக்கும் இன்னொரு கவ்வுகிற நாக்கு, இன்னொரு லூஸ்.

அங்கிள் பாக்ஸை மட்டும் மாற்றவில்லை, ஹீட்டரின் பிளக்கையும் வெட்டிப் புதிது போட்டார். கருகின பின்னைப் புது சாக்கெட்டில் செருகினால் அந்த சாக்கெட்டும் ஒரு மாதத்தில் கெடும் என்றார். வெட்டின பிளக்கைத் திறந்து காட்டினார். உள்ளே திருகு அரைச் சுற்று தளர்ந்திருந்தது, வயரின் செம்பு இழைகள் கறுத்து மொறுமொறுப்பான முறுக்கு மாதிரி நொறுங்கின. ஆக லூஸ் பாக்ஸில் மட்டும் இல்லை. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

18 ஜூன்

"விரலால் பார்ப்பது எப்படி" என்று கேட்டிருக்கிறார்கள். நான் இப்போது செய்வது இதுதான். ஹீட்டரை முழு அளவில் அரை மணி நேரம் ஓட்டுவேன். புறங்கையைப் பிளக்கின் பிளாஸ்டிக் உடம்பில் வைப்பேன். வெதுவெது என்றால் சரி. பத்து எண்ணும்வரை வைக்க முடியவில்லை என்றால் சரியில்லை, சுவர் சுவிட்சை அணைத்து ஆறவிட்டுக் கழற்றுவேன். பின்னில் நீலமோ கறுப்போ படிந்திருக்கிறதா, சாக்கெட் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு வட்டம் இருக்கிறதா என்று பார்ப்பேன். மாட்டும்போது பிளக் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கினால் சந்தேகப்படுங்கள். கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டும்.

கையில் ஈரம் இல்லாமல். இதையும் எழுதித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

24 ஜூன்

இன்று லோட்ஷெடிங் (முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது) பாடம்.

சாயங்காலம் கரண்ட் போயிற்று. இரண்டு மணி நேரம் இருட்டில் என்ன செய்வது, எதிர்வீட்டுக்குத் துனி ஆடப் போய்விட்டோம். (துனி தெரியாதவர்களுக்கு: டர்பன் பக்கத்து நம் ஆட்கள் உயிரைக் கொடுத்து ஆடும் சீட்டாட்டம். பேர் "தண்ணி"யிலிருந்து வந்தது என்பார்கள். ஏன் தண்ணி என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை.) ஆட்டம் சூடு பிடித்ததில் கரண்ட் வந்தது தெரியும், வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. ஒன்பது மணிக்குத் திரும்பினால் ஆளில்லாத அறையில் ஹீட்டர் முழு வேகத்தில். பக்கத்து நாற்காலியில் மகள் கழற்றிப் போட்ட கம்பளி, ஒரு கை நீளத்தில்.

கரண்ட் போகும்போது ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தால், வரும்போதும் அது தானாக ஓட ஆரம்பிக்கும். குமிழைத் திருகுகிற சாதாரண வகை எல்லாம் இப்படித்தான். அதனால் விளக்கு அணைந்ததும் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது, மெழுகுவர்த்தி தேடுவது அப்புறம். கரண்ட் வந்த பிறகும் கால் மணி நேரம் பொறுப்பேன். வந்த நொடியில் தெரு முழுக்க ஹீட்டரும் கீசரும் ஒன்றாகப் பாய்ந்தால் மறுபடி விழும், இந்தத் தெருவில் இரண்டு தடவை பார்த்தாயிற்று.

இன்வெர்ட்டரில் ஹீட்டரை ஓட்டலாமா என்று கேட்கப் போகிறவருக்கு: வைஃபைக்கும் நாலு விளக்குக்கும் வாங்கிய இன்வெர்ட்டரில் வேண்டாம்.

2 ஜூலை

செலவு. எண்ணெய் ஹீட்டர் கரண்ட் குறைவாகச் சாப்பிடும், ஃபேன் ஹீட்டர் அதிகம் என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். நானும் நம்பியவன்தான். 2000 வாட் என்றால் எந்த வகையானாலும் மணிக்கு 2 யூனிட், அதே சூடு. மின்சாரம் முழுக்கச் சூடாகத்தானே மாறுகிறது, வேறு எங்கே போகும்? எண்ணெய் வகை மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும், ஃபேன் வகை உடனே அடிக்கும் உடனே நிற்கும். வித்தியாசம் அவ்வளவுதான். அறை சூடேறியதும் தெர்மோஸ்டாட் விட்டு விட்டு ஓட்டுவதுதான் மிச்சம்.

ஒரு ராத்திரி ப்ரீபெய்டு மீட்டரைக் குறித்து வைத்தேன். எட்டு மணி நேரத்துக்கு 16 யூனிட் ஆகியிருக்க வேண்டும், 9 ஆகியிருந்தது. கதவுக்கு அடியில் பழைய புடவையைச் சுருட்டி வைத்த மறுநாள் 7. குளிர் ஒன்றுபோல் இருந்ததா என்று கேட்காதீர்கள், ஆராய்ச்சி இல்லை இது. ஆனாலும் காசு கட்டினால் வருகிற டோக்கனின் 20 இலக்க எண்ணை மூக்குக் கண்ணாடி போட்டு மீட்டரில் தட்டுகிறவனுக்குத்தான் அந்த 2 யூனிட்டின் அருமை தெரியும்.

"ஹீட்டர் அறையில் ஆக்சிஜனைக் குடித்துவிடும்" என்றும் ஒருவர். மின்சார ஹீட்டர் எதையும் எரிப்பதில்லை, ஆக்சிஜன் குறையாது. காற்று உலர்வது போலத் தோன்றும். சூடான காற்றுக்கு ஈரம் தாங்கும் சக்தி அதிகம், இருக்கிற ஈரம் அதற்குப் பற்றவில்லை. 1500 மீட்டருக்கு மேலான உயரத்தில், மழையில்லாத குளிர்காலத்தில் காற்று ஏற்கெனவே அப்பளம். ஒரு கிண்ணத்தில் தண்ணீர், ஹீட்டர் மேல் அல்ல, ஜன்னல் திட்டில். உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய்.

10 ஜூலை

பனி! லெனேசியாவில் பனி! 2012 ஆகஸ்டுக்குப் பிறகு ஜோகன்னஸ்பர்க்கில் இப்போதுதான். மகளும் தெருப் பிள்ளைகள் எல்லாரும் மைதானத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றார்களாம். ஆயா வராந்தாவில் இரண்டு சால்வையோடு உட்கார்ந்து, "டர்பன்ல இந்தத் தொல்லை எல்லாம் கெடையாது" என்று நூறாவது தடவையாகச் சொன்னார், கண்ணை மட்டும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எடுக்கவில்லை.

ஹீட்டர் பற்றி இன்று ஒன்றும் இல்லை.

11 ஜூலை

இருக்கிறது. ராத்திரி ஆயா தன் அறையில் கேஸ் ஹீட்டரைப் போட்டு, குளிருக்குக் கதவு ஜன்னல் எல்லாம் அடைத்து, காற்றுத் துளையில் செய்தித்தாள் திணித்திருக்கிறார். காலையில் தலைவலி என்றார். கேஸ், மண்ணெண்ணெய், கரி அடுப்பு இவையெல்லாம் வேறு ஜாதி. இவை உண்மையிலேயே ஆக்சிஜனை எடுக்கும், சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு மீன் வாசம்கூடக் கிடையாது, வாசமே கிடையாது. கரி போட்ட தகர டின்னை, இம்பாவுலா என்பார்கள், தணல்தானே என்று உள்ளே வைத்துப் படுத்து எழுந்திருக்காதவர்கள் இந்த ஊரில் உண்டு. செய்தித்தாளை உருவிவிட்டேன். ஆயாவுக்குக் கோபம். எங்களிடம் இருந்த மின்சாரப் போர்வையை அவருக்குக் கொடுத்துவிட்டோம். படுக்கும் முன் சூடாக்கி, படுத்ததும் அணைக்க வேண்டும் என்று மூன்று தடவை சொல்லியிருக்கிறேன்.

23 ஜூலை

ஆடி ஞாயிறு, கோவிலில் அம்மனுக்குக் கூழ். ஆடி என்றால் நம் ஊரில் காற்று, இங்கே விறைப்பு. கூழ்ப் பானையைச் சுற்றி நின்றதில் பாதிப் பேர் பக்திக்கு, பாதிப் பேர் ஆவிக்கு. பெண்கள் உட்காரும் கூடத்தில் ஒரு பழைய கம்பி ஹீட்டர், ஆரஞ்சாகச் சிவந்துகொண்டு, புடவைத் தலைப்புகள் அதைத் தாண்டிப் போய் வந்துகொண்டு. எனக்குச் சாமி கும்பிடவே ஓடவில்லை. பேசாமல் போய்ச் சுவர்ப் பக்கம் தள்ளி, முன்னால் இரண்டு நாற்காலி போட்டு மறித்தேன். பிளக்கையும் தொட்டுப் பார்த்தேன். மனைவி தூரத்திலிருந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

30 ஜூலை

ஹீட்டரைப் படுக்க வைத்து காரில் கொண்டுபோன ஒருவர், வீட்டுக்கு வந்ததும் போட்டாராம், கருகல் வாசம் வந்ததாம். படுத்தால் எண்ணெய் ஒரு பக்கம் ஓடி, கம்பிச் சுருள் எண்ணெய்க்கு வெளியே நிற்கும். நிமிர்த்தி வைத்து எண்ணெய் இறங்க நேரம் கொடுத்த பிறகே போட வேண்டும். நான் ஒரு ராத்திரி விடுவேன், யாரும் சொல்லிக் கொடுத்த கணக்கு இல்லை. சக்கரம் மாட்டாமல் தரையில் வைத்து ஓட்டவும் கூடாது.

இன்னொன்று. சீசன் ஆரம்பத்தில் பழைய ஹீட்டரைப் போட்டதும் எர்த் லீக்கேஜ் விழுகிறது என்றால், அந்த சுவிட்சுக்குத்தான் கோளாறு என்று நினைக்காதீர்கள். சும்மா கிடந்த மாதங்களில் சுருளின் உறைக்குள் ஈரம் ஏறியிருக்கலாம். எப்படியானாலும் சோதித்துப் பார்க்காமல் ஓட்ட வேண்டாம், அந்த சுவிட்சை டேப் போட்டு நிறுத்தி வைக்கிற வீரர்களும் வேண்டாம்.

13 ஆகஸ்ட்

கேள்வி கேட்ட கோயம்புத்தூர்க்காரர் எழுதியிருக்கிறார். கட்டிலை வடக்கு ஜன்னல் அறைக்கு மாற்றிவிட்டாராம், அங்கே சுவரில் பாயிண்டும் இருந்ததாம். பகல் முழுக்க வெயில் விழுவதால் ராத்திரி ஒன்பது வரை ஹீட்டரே தேவைப்படவில்லையாம். பூமியின் இந்தப் பாதியில் சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது. பதினோரு வருஷம் இங்கே இருந்தும் நான் இதைச் சொல்லவில்லை. எங்கள் படுக்கையறை தெற்கே. ஆயாவின் மாமனார் ஐஸ்பெட்டி மாதிரி கட்டி வைத்திருக்கிறார். வாஸ்து பார்க்கிறவர்கள் வடக்கு குபேரன் திசை என்று அந்த வெயிலுக்கும் சேர்த்துக் கட்டணம் வாங்கலாம்.

2 செப்டம்பர்

பீச் மரம் பூத்துவிட்டது. ஹீட்டரை ஆறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தகட்டின் இடுக்கெல்லாம் தூசி தட்டினேன். அரை உள்ளங்கை அளவு தலைமுடியும் ஒரு ஹேர்பின்னும் வந்தன. அந்தப் பின் எந்த வழியாக உள்ளே போனது என்பது பற்றி மகளுக்கும் மனைவிக்கும் இன்னும் முடிவு எட்டவில்லை. பிழிந்த துணியால் துடைத்து, வயரை இறுக்கிச் சுற்றாமல் தளர்வாக வளையம் போட்டு, பழைய தலையணை உறை மாட்டி, நிமிர்ந்த வாக்கிலேயே அலமாரிக்குள்.

5 செப்டம்பர்

திரும்ப 2 டிகிரி. வெளியே எடுத்தாயிற்று. அரை மணி நேரம் ஆயிற்று, பிளக்கில் கை வைத்தபடிதான் இதை ஒற்றைக் கையால் தட்டிக்கொண்டிருக்கிறேன். வெதுவெது.